பெருவழியும் ஊர்வழியும்

தமிழில் வழி என்னும் ஒரு சொல்லுக்குப் பொருள்கள் பல. கால் நடந்து தேய்ந்த தடமும் வழியே. தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் மரபும் வழியே. குடும்பம் பிழைத்துக் கிடக்கும் முறையும் வழியே. ஓர் ஊருக்குள் புதிய பெருஞ்சாலை புகும்போது இம்மூன்று வழிகளும் ஒருங்கே அசைக்கப்படுகின்றன. தலைநகரில் அமர்ந்து நிலப்படத்தின்மேல் கோடு இழுப்பவனுக்கு அது வெறுங்கோடு. அந்தக் கோட்டின்கீழ் கிடக்கும் கிணற்றுக்கும், வரப்புக்கும், பனைக்கும், முன்னோர் புதைகுழிக்கும் உரியவனுக்கோ அது வாழ்வை இரண்டாக அறுக்கும் வாள்!

திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர் செல்லும் வழியில், குடகனாற்றங்கரையில் உள்ள பேரூர் தாடிக்கொம்பு. அழகர் கோயில் மண்டபத்தின் கற்படிமங்களால் அதன் பெயர் தமிழகம் முழுவதும் அறியப்பட்டது. பழனிமலைத் தொடரின் கீழ்மலைச் சரிவுகளில் பிறந்து, ஆத்தூர்ப் பக்கமிருந்து இறங்கி, தாடிக்கொம்பையும் வேடசந்தூரையும் தொட்டு, கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கலக்கும் குடகனாறே இச்சமவெளியின் உயிர்நாடி. மழை குறைந்த செம்மண் நிலம் இது. இங்கு ஒரு குடம் நீரும் கணக்கில் வரும். ஒரு முழ வாய்க்காலும் வழக்கில் வரும்.

இவ்வட்டாரத்தின் ஊடாகவே காசுமீரத்துச் சீநகர் முதல் கன்னியாகுமரி வரை மூவாயிரத்து ஐந்நூறு கி.மீ.-க்கு மேல் நீளும் நாட்டு நெடுஞ்சாலை 44 செல்கிறது. 2010-ஆம் ஆண்டு எண்மாற்றத்திற்கு முன் காசியையும் குமரியையும் இணைத்த 7-ஆம் எண் சாலையாக இது வழங்கியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்குத் தெற்குப் பெருவழித் திட்டத்தில் நான்கு தடமாக விரிந்தது. சாலைப்பணி ஒருமுறையோடு முடிவதன்று. புறவழி என்றும், மேம்பாலம் என்றும், பக்கச்சாலை என்றும், மேலும் அகலம் என்றும் அது மீண்டும் மீண்டும் ஊரின் கதவைத் தட்டும். ஆகவே நேற்றைய பட்டறிவை இன்று எண்ணிப் பார்ப்பது நாளைக்கு உதவும்.

சாலையே வேண்டா என்பார் இங்கு எவருமிலர். ஒட்டன்சத்திரத்துக் காய்கறியும் வேடசந்தூர்ப் பக்கத்து முருங்கையும் நிலக்கோட்டைப் பூவும் வாடுமுன் சந்தைக்குச் சேர நல்ல சாலை வேண்டும். பேறுகால வலியில் துடிக்கும் பெண்ணும் நெஞ்சுவலியால் சாய்ந்த முதியவரும் உரிய பொழுதில் மருத்துவமனை சேர நல்ல சாலை வேண்டும். ஊரார் சாலையைப் பகைப்பதில்லை. சாலை யாரைக் கேட்டு வருகிறது? எந்த மொழியில் கேட்கிறது? எதை அழிக்கிறது? அழித்ததற்கு ஈடாக எதைத் தருகிறது? இந்நான்கு வினாக்களுக்கு விடையிறுக்காமல் வரும் சாலையையே அவர்கள் எதிர்க்கின்றனர்.

முதலில் நீரைப் பார்ப்போர் அழிவின் அளவை அறிவர். பெருஞ்சாலை தரையோடு தரையாகக் கிடப்பதில்லை. மண்கொட்டி உயர்த்திய கரையின்மேல் ஓடுகிறது. கி.மீ. கணக்கில் நீண்டு கிடக்கும் அந்தக் கரை உண்மையில் ஓர் அணை. மேட்டில் பெய்த மழை பரந்து வழிந்து தாழ்விலுள்ள குளத்திற்குச் செல்வது இந்நிலத்தின் இயல்பு. இடையில் கரை எழும்பினால், மேற்புறத்து வயலில் நீர் தேங்கிப் பயிர் அழுகும். கீழ்ப்புறத்துக் குளம் மழைக்காலத்திலும் வறண்டு கிடக்கும். இதற்கு மாற்று, ஓடைதோறும் சிறுபாலம் அமைப்பது. ஆனால் அச்சிறுபாலத்தின் அடித்தளம் ஓடையின் அடிமட்டத்தோடு ஒத்திருக்கவேண்டும். ஒரு முழம் உயர்ந்தாலும் நீர் ஏறாது. குறுகினால் குப்பை அடைத்துக்கொள்ளும். பத்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் நீரோடும் ஓடையைக் கோடையில் அளக்கவரும் பொறியாளர் வறண்ட பள்ளமென்றே கொள்வார். அது ஓடை என்பதும், அதன் நீர் எந்தக் குளத்திற்கு உரியது என்பதும் ஊரின் முதியவருக்கே தெரியும். அவரைக் கேளாமல் வரையும் வரைபடம் குருடன் வரைந்த ஓவியமே!

அடுத்தது கிணறு. சாலைக்கு மேற்கே கிணறும் கிழக்கே வயலுமாகப் பிரிந்த உழவன் என்ன செய்வான்? சாலை போடுமுன் அடியில் ஒரு குழாய் பதித்துவைத்தால் செலவு சிறிது. போட்டு முடித்தபின் குடைவதென்றால் ஒப்புதலுக்கு அலைந்தே அவன் வாழ்நாள் கழியும். கல்லுடைக்கும் வெடியால் சுவர் பிளக்கிறது. தாரும் கல்லும் கலக்கும் ஆலையின் புகை பூவின்மேல் படிகிறது. சரக்குந்துகளின் புழுதி முருங்கையிலையை மூடுகிறது. இவற்றில் எதுவும் திட்டத்தின் விலைப்பட்டியலில் ஏறுவதில்லை. ஏறாத செலவையெல்லாம் ஊர்மக்களே தம் உடலாலும் விளைச்சலாலும் கட்டித் தீர்க்கின்றனர்.

மூன்றாவது, மக்களின் நடை. பெருவழி நெடுக்காகச் செல்வோர்க்கு உரியது. ஊர்வழியோ குறுக்காகச் செல்வோர்க்கு உரியது. பள்ளிக்குச் செல்லும் சிறுவனும், ஆடு ஓட்டும் கிழவியும், கூலிவேலைக்குப் போகும் பெண்களும் சாலையைக் குறுக்கே கடப்பவர்கள். நடுத்தடுப்பு எழுந்தபின் எதிர்ப்புறத்து வயலுக்குச் செல்ல நெடுந்தொலைவு சுற்றவேண்டும். சுற்றமுடியாதவர் தடுப்பேறிக் குதிக்கின்றனர். ஈருருளியில் எதிர்த்திசையில் செல்கின்றனர். அடிபட்டு மாண்டபின் அவர்மீதே குற்றம் எழுதப்படுகிறது. கடவை எங்கே வேண்டுமென்று முன்னமே அவ்வூரைக் கேட்டிருந்தால் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும்!

பெருவழி அமைக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. கோவைக்குத் தெற்கே பாலைக்காட்டுக் கணவாய் நோக்கிச் சென்ற இராசகேசரிப் பெருவழியைக் கல்வெட்டொன்று இன்றும் நின்று பறைசாற்றுகிறது. தருமபுரி வட்டாரத்தில் அதியமான் பெருவழியின் தொலைவுக்கற்கள் கிடைத்துள்ளன. நாவற்றாவளம் எத்தனை காதம் என்று அவற்றில் எழுத்தாலும் எண்ணாலும் பொறித்தனர். அதனோடு நில்லாமல், எழுத்தறியாதவனும் தடவிப் பார்த்து அறியுமாறு பெரிய குழிகளும் சிறிய குழிகளும் குடைந்துவைத்தனர். அப்பெருவழி, எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரனுடனும் பேசியது. இன்றைய பெருவழியோ கற்றறிந்த உழவனுடனும் அவன் தாய்மொழியில் பேச மறுக்கிறது. எவ்வளவு பெரிய வளர்ச்சி இது!

1956-ஆம் ஆண்டு இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, தமிழை இந்நாட்டின் ஆட்சிமொழியாக்கிய மாநிலச் சட்டம். மற்றொன்று, நெடுஞ்சாலைகளை நடுவண் அரசின் கையில் வைத்த நாட்டு நெடுஞ்சாலைச் சட்டம். ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரண்டும் தாடிக்கொம்பு உழவனின் வீட்டு வாயிலில் மோதிக்கொள்கின்றன. நெடுஞ்சாலைச் சட்டத்தில் 1997-இல் நிலமெடுப்புப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அவற்றின்படி நிலமெடுக்கும் கருத்து முதலில் அரசிதழில் வெளியாகும். அதன் சாரம் வட்டாரத்தில் வழங்கும் இரண்டு செய்தித்தாள்களில் வரவேண்டும். அவற்றுள் ஒன்று மக்கள்மொழியில் இருக்கவேண்டும். அரசிதழில் வெளியான நாளிலிருந்து இருபத்தொரு நாள்களுக்குள் மறுப்புரை தரலாம். அதன்பின் ஓராண்டுக்குள் உறுதி அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் நடுவண் அரசுக்கு உரியதாகிவிடும். பின்னர் உடைமையை ஒப்படைக்க அறுபது நாள்.

இருபத்தொரு நாள்! எந்தச் செய்தித்தாளின் எந்தப் பக்கத்தில், எந்தப் பொடியெழுத்தில் அது வந்தது என்று கண்டுபிடிக்கவே பத்துநாள் ஓடும். புல எண்களின் நீண்ட பட்டியலில் தன் எண்ணைத் தேடவேண்டும். சுருக்கந்தான் தமிழில் வரும்; வரைபடமும் ஆய்வுரையும் ஆங்கிலத்தில் கிடக்கும். 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் சுருக்கவுரை மட்டுமே மாநில மொழியிலும் இருக்கவேண்டும் என்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆய்வை ஆங்கிலத்தில் அடைத்துவைத்துச் சில பக்கச் சுருக்கத்தைத் தமிழில் நீட்டி, ‘கருத்துக் கூறுக’ என்பது விருந்தினனுக்கு இலையை மட்டும் போட்டு ‘உண்க’ என்பது போலாகும்.

மதிப்பீட்டு விதிகளையே மாற்ற 2020-இல் வரைவொன்று வெளியிடப்பட்டபோதும் இதே நிலை. அதனை அரசமைப்பின் எட்டாம் பட்டியலிலுள்ள 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர்வழக்குமன்றம் அவ்வாண்டு சூன் 30-ஆம் நாள் ஆணையிட்டது. நடுவண் அரசோ அதைச் செய்யாமல் மேல்முறையீட்டுக்குச் சென்றது. மண் தமிழனுடையது, இழப்பு தமிழனுடையது, மறுப்பதற்குரிய மொழிமட்டும் அயலானுடையதா? இங்கே மொழியுரிமை மேடையில் முழங்கும் வெற்றுச்சொல்லாக நிற்பதில்லை. அது கிணற்றையும் வயலையும் காக்கும் வேலியாக நிற்கிறது.

சென்னை சேலம் எட்டுவழிச் சாலையின் வரலாற்றைத் தமிழ்மக்கள் மறந்திருக்க முடியாது. ஏறத்தாழ 277 கி.மீ. நீளத்திற்கு, 10,000 கோடி உருபாச் செலவில் 2018-இல் அறிவிக்கப்பட்ட திட்டம் அது. அளவுக்கல் நட்டபோது உழவர்கள் வயலில் வீழ்ந்து தடுத்தனர். எதிர்த்துப் பேசியோர் தளைப்படுத்தப்பட்டனர். 2019 ஏப்பிரல் 8-இல் சென்னை உயர்வழக்குமன்றம் அந்நிலமெடுப்பு செல்லாதென்று தீர்த்தது. 2020 திசம்பர் 8-இல் உச்ச வழக்குமன்றம் அத்தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றியது. நிலமெடுப்பு அறிவிக்கைக்கு முன்பே சூழல் ஒப்புதல் பெறவேண்டுவதில்லை என்றது. பணி தொடங்குமுன் பெற்றாகவேண்டும் என்றது. முந்திக்கொண்டு மாற்றிய நிலப்பதிவுகளை உரியவர் பெயருக்கே மீட்கவேண்டும் என்பதை மட்டும் நிலைநிறுத்தியது. முதலில் நிலத்தைக் குறி. பிறகு தீங்கை அளந்துகொள் என்பதாயிற்று நிலை. மணமுடித்தபின் பெண்ணின் இசைவைக் கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

இன்னொரு வழக்கும் அறியத்தக்கது. விழுப்புரம் நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையின் நீளம் ஏறத்தாழ 180 கி.மீ. அதை நான்கு துண்டுகளாக்கிப் பணிகொடுத்தனர். 2013 ஆகத்துத் திருத்தத்தின்படி, உள்ள சாலையை விரிக்கும்போது நீளம் 100 கி.மீ.-ஐத் தாண்டி, கூடுதல் அகலம் பழைய தடத்தில் 40 மீட்டரையும் புறவழியில் 60 மீட்டரையும் தாண்டினால்தான் சூழல் ஒப்புதல் தேவை. 2021 சனவரி 19-இல் உச்ச வழக்குமன்றம், அவ்வகல வரம்பைத் தாண்டாதவரை அச்சாலைக்கு ஒப்புதல் வேண்டா என்றது. ஆயினும் ஒப்புதலுக்குத் தப்புவதற்காகச் சாலையைத் துண்டுபோடும் சூழ்ச்சியை ஏற்கமுடியாதென்றும், அதனை ஆராய வல்லுநர் குழு அமைக்கவேண்டுமென்றும் கூறியது. துண்டுபோட்டால் சட்டத்தின் கண்ணுக்குச் சாலை சிறிதாகலாம். குளத்தின் கண்ணுக்கு அது சிறிதாவதில்லை.

இழப்பீட்டின் கதையும் இத்தகையதே. 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், எடுக்குமுன் குமுகாயத் தாக்கத்தை ஆராயவேண்டும் என்றது. ஆனால் நெடுஞ்சாலைச் சட்டம் விலக்குப் பட்டியலில் வைக்கப்பட்டது. 2015 ஆகத்து ஆணையால் இழப்பீடும் மறுவாழ்வும் நெடுஞ்சாலைக்கும் நீட்டப்பட்டன. தாக்க ஆய்வு நீட்டப்படவில்லை. பணம் தருவார்கள், பாதிப்பை மட்டும் கேட்கமாட்டார்கள்! 1997-க்குப் பின் நெடுஞ்சாலைக்கு நிலமிழந்தோர்க்கு ஆறுதல் தொகையும் வட்டியும் மறுத்த பிரிவு அரசமைப்புக்கு மாறானதென்று 2019 செபுடம்பரில் உச்ச வழக்குமன்றம் தீர்த்தது. அது முன்னை வழக்குகளுக்குப் பொருந்தாது என்ற ஆணையத்தின் முறையீடு 2025 பிப்பிரவரியில் தள்ளப்பட்டது. தமக்குரியதைப் பெற உழவர் இருபதாண்டு காத்திருக்கவேண்டியிருந்தது. இன்னும் எத்தனை பேர், அத்தீர்ப்பு தமக்கும் உரியதென்று அறியாமலே இருக்கின்றனர்! நிலமற்ற கூலியாளும், குத்தகைக்காரரும், வாரக்குடியும், மூன்றாண்டு அங்கு உழைத்துப் பிழைத்தவராயின் பாதிப்புற்ற குடும்பத்தினரே என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அவர் பெயரைக் கணக்கில் ஏற்ற ஊரார் முன்வருகின்றனரா?

சாலைக்குக் கொட்டும் மண் வானத்திலிருந்து விழுவதில்லை. அருகிலுள்ள குளத்திலும் ஓடையிலும் புறம்போக்கிலும் தோண்டப்படுகிறது. அளவோடு வண்டலை அள்ளினால் குளம் ஆழமாகும்; அளவின்றித் தோண்டினால் நீரைத் தாங்கும் அடிப்படுகையே கிழிந்து குளம் ஓட்டைப்பானையாகும். சாலை போன்ற நீள்பணிகளுக்கு மண்ணெடுக்கச் சூழல் ஒப்புதலே தேவையில்லை என்று 2020 மார்ச்சில் நடுவண் அரசு விலக்களித்தது. வரம்பும் வரையறையும் இல்லாத அவ்விலக்கை 2024 மார்ச் 21-இல் உச்ச வழக்குமன்றம் நீக்கியது. நான்காண்டுகள் திறந்திருந்த அக்கதவின் வழியே நாடெங்கும் எத்தனை குளத்து மண் சென்றதோ! கதவு மூடப்பட்டது உண்மை. காவலுக்கு நிற்கவேண்டியவர் அந்தந்த ஊர்மக்களே.

உயிரினங்களின் நிலையையும் எண்ணுக. வேடசந்தூர் அய்யலூர்ப் பக்கத்துக் காடுகளில் வாழும் தேவாங்குக்காகக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர்ப் பரப்பைக் கடவூர்த் தேவாங்குக் காப்பிடமாக 2022 அக்தோபரில் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே இதுபோன்ற முதற் காப்பிடம் இது. கிளைவிட்டுக் கிளைதாவாமல் பற்றிப் பற்றி நகர்வது தேவாங்கு. மரக்கிளைகள் கோத்திருந்தால் அது மேலேயே கடக்கும். கோவை அறுந்தால் தரையிறங்கிச் சாலையில் ஊர்ந்து சக்கரத்தில் நசுங்கும். சாலையோர மரவரிசை அதற்குப் பாலம்.

இதே 44-ஆம் எண் நெடுஞ்சாலை வடக்கே மத்தியப் பிரதேசத்தையும் மகாராட்டிரத்தையும் ஒட்டிய பெஞ்சுப் புலிக்காட்டைக் கடக்கிறது. அங்கே வழக்குகளுக்கும் வனத்துறையின் வற்புறுத்தலுக்கும் பிறகு, மகாராட்டிரப் பகுதியில் மட்டும் ஒன்பது இடங்களில் விலங்குகள் கீழே கடக்கும்படி சாலை தூக்கிக் கட்டப்பட்டது. 2019-இல் வைத்த தானியங்கு ஒளிப்படக் கருவிகளில் புலி உட்படப் பதினெட்டு வகைக் காட்டுயிர்கள் அவ்வழியே சென்றது பதிவாயிற்று. மனம் வைத்தால் வழி உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. புலிக்காகத் தன்னைத் தூக்கிக்கொள்ளத் தெரிந்த சாலைக்கு, ஆட்டுமந்தைக்கும் பள்ளிச்சிறார்க்கும் ஓடைநீருக்கும் வேண்டுமிடத்தில் வழிவிடத் தெரியாதா? தெரியும்; கேட்பார் வேண்டும். புலிக்காகக் கேட்டவர்கள் இருந்தார்கள்.

வெட்டிய மரத்திற்குப் பத்துக் கன்று என்பது வழக்கமாகிவிட்ட உறுதிமொழி. நாயக்கர் ஆட்சியில் அரசி மங்கம்மாள் பெயரால் சாலையும் நிழல்மரமும் மதுரை வட்டாரத்தில் இன்றும் நினைக்கப்படுகின்றன. முந்நூறாண்டு கடந்தும் அப்பெயர் நிற்பதற்குக் கரணியம் நட்டதோடு விடாமல் வளர்த்தமையே. 2015-இல் நடுவண் அரசின் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, திட்டச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கை மரம் வளர்ப்புக்கு ஒதுக்கவேண்டும் என்றது. கன்று நட்ட கணக்கு ஏட்டில் இருக்கும்; மூன்றாம் கோடையில் உயிரோடுள்ள மரத்தின் கணக்கையே ஊர் கேட்கவேண்டும். நடுத்தடுப்பில் அரளி வைத்துவிட்டுப் புளிக்கும் வேம்புக்கும் ஈடென்பது கணக்குமன்று, நயன்மையுமன்று.

இவ்வளவும் ஆட்சியாளர்மேற் குற்றமாகக் கூறி முடித்துவிட்டால் அரைப்பங்கு உண்மையே கூறியதாகும். தமிழர்மேலும் குற்றமுண்டு. சாலை வருமென்று முன்கூட்டி அறிந்து, ஏழை உழவனின் காட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, இழப்பீட்டை வாரிக்கொண்ட இடைத்தரகர் பிறநாட்டிலிருந்து வந்தவரல்லர். ஓடையை மனையாக்கி விற்றவரும், குளத்து மண்ணுக்குக் கைநீட்டியவரும் இவ்வூர் நீரையே குடித்தவர்கள். ஊராட்சிக் கூட்டத்திற்கு அழைத்தால் வராது, மண்வாரிப் பொறி வயலில் இறங்கியபின் ஓலமிடுவது தமிழன் வழக்கமாகிவிட்டது. வருமுன் காவாமை என்னும் நோய்க்கு எந்த வழக்குமன்றத்திலும் மருந்தில்லை.

ஆகவே செய்யத்தக்கன இவை. சாலைத்திட்டத்தின் முழு ஆய்வுரையும் வரைபடமும் புல எண்களும் தமிழில் எழுதப்பட்டு, ஊராட்சி அலுவலகத்திலும் நூலகத்திலும் வைக்கப்படவேண்டும். அந்நாளிலிருந்தே மறுப்புரைக்கான நாள் எண்ணப்படவேண்டும். வரைபடம் உறுதியாகுமுன் பொறியாளர் ஊர்முதியவரோடு ஓடையும் வாய்க்காலும் நடந்து பார்த்து, ஒவ்வொரு நீர்வழியையும் குறித்துக் கையெழுத்திடவேண்டும். கடவையும் பக்கச்சாலையும் குழாய்வழியும் ‘பிறகு’ என்று தள்ளப்படாமல், சாலை திறக்குமுன் முடிக்கப்படவேண்டும். மண்ணெடுக்கும் இடமும் அளவும் ஊரறியப் பலகையில் எழுதப்படவேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலுள்ள பசுமைக்குழு, வெட்டும் மரத்தை எண்ணுவதோடு, வளர்ந்த மரத்தையும் ஆண்டுதோறும் எண்ணி வெளியிடவேண்டும். சாலை திறந்து ஐந்தாண்டு முடியும்வரை குளத்துநீர், கிணற்றுநீர், நேர்ச்சிச்சாவு ஆகியவற்றின் கணக்கு ஊர்முன் வைக்கப்பட்டு, குறை கண்டவிடத்துத் திருத்தப்படவேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு சாலையின் செலவை நோக்கச் சிறிதே. ஆகாதது பணத்தாலன்று, கேட்கும் மக்கள் இன்மையால். ஒவ்வோர் ஊரிலும் கற்ற இளைஞர் நால்வர் அரசிதழையும் செய்தித்தாளையும் நாள்தோறும் பார்க்கட்டும். புல எண்களைத் தமிழில் பெயர்த்துத் தெருமுனையில் ஒட்டட்டும். மறுப்புரை எழுதத் தெரியாதவர்க்கு எழுதித் தரட்டும். மேடைத்தமிழுக்குக் கைதட்டும் கைகள் இந்தத் தமிழ்ப்பணியையும் செய்யட்டும். இருபத்தொரு நாளில் இருநூறு மறுப்புரைகள் தமிழில் சென்று குவியுமாயின், அவற்றைப் படிக்கவேனும் தமிழறிந்தவரை அரசு அமர்த்தியாகவேண்டும்.

தேர்க்காலில் அடிபட்ட கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இடத் துணிந்த சோழனைப் பற்றித் தமிழ்ப்பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர். அக்கதையில் தாய்ப்பசு சென்று அரண்மனை மணியை அசைத்தது என்பதை அவர்கள் மறவாதிருக்கட்டும். மணி அசைந்த பிறகே மன்னன் எழுந்தான். பெருவழி வருக! ஊர்வழியை அழியாமல் வருக! ஊர்மொழியில் கேட்டு வருக! கேளாமல் வருமாயின், தாடிக்கொம்பும் தமிழகமும் மணியை அசைக்க!